பருந்துக் கூட்டைக் கலைக்கவிடாமல் காப்பது எப்படி? கடைமடையிலிருந்து ஒரு வழிகாட்டி

இரண்டு வருடத்துக்கு முன்னால், மாசி மாதம். எங்கள் ஊர் வாய்க்கால் கரை இலுப்பை மரத்தில் இருந்த கருடன் கூட்டை ஒருவர் துரட்டி போட்டு இழுத்துத் தள்ளினார். மீன் குட்டை வைத்திருப்பவர். மீனைத் தூக்குகிறது என்று கோபம். நான் போனபோது தரையில் சுள்ளிகள், ஒரு பிடி நீல நைலான் வலைத் துண்டு, ஏதோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் சிவப்பு ரிப்பன், அதற்கடியில் ஓர் உடைந்த முட்டை. மங்கின வெள்ளை ஓட்டில் செம்பழுப்புப் புள்ளி. இன்னொரு முட்டை தண்ணீரில் போய்விட்டது என்றார்கள். தாயும் தந்தையும் மாலை வரைக்கும் மேலே சுற்றிக்கொண்டே கத்தின.

அதற்குப் பிறகு பதினோரு நாள் அலைந்தேன். ஓர் அலுவலகத்தில் “இது எங்க வேலை இல்லையே” என்றார்கள். இன்னொன்றில் “எழுதிக் கொடுங்க, பார்க்கலாம்” என்றார்கள். மூன்றாவது இடத்தில் “மரம் எந்தப் புல எண்ணில் வருது?” என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. கூடு இருந்ததற்கே என்னிடம் ஒரு ஒழுங்கான போட்டோ கிடையாது. விஷயம் அப்படியே அமுங்கிப் போயிற்று.

அடுத்த கார்த்திகைக் கடைசியில் அதே ஜோடி அதே மரத்தில் சுள்ளி அடுக்கத் தொடங்கியது. இந்த முறை முட்டை விழுவதற்கு முன்பே நானும் காகிதம் அடுக்கத் தொடங்கினேன். சித்திரையில் இரண்டு குஞ்சும் பறந்தன. நான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை, உங்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்று வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் பறவை எது, கூட்டில் ஆள் இருக்கிறதா என்று பாருங்கள்

காவிரி டெல்டாவில் நீங்கள் பார்க்கக்கூடியவை இவை. வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு என்றால் செம்பருந்து. நாம் கருடன் என்பது இதைத்தான். வால் நுனி கவட்டை போலப் பிளந்து, உடம்பெல்லாம் பழுப்பாக இருந்தால் கரும்பருந்து. புறா அளவில், நெஞ்சில் குறுக்குக் கோடுகளோடு தோப்புக்குள் பாய்வது வல்லூறு. வயலுக்கு மேலே ஒரே இடத்தில் இறக்கையடித்து நிற்கும் வெள்ளை, சாம்பல் நிறப் பறவை கருந்தோள் பருந்து. வேதாரண்யம், கோடியக்கரை, முத்துப்பேட்டை பக்கம் இருப்பவர்கள் வெண்வயிற்றுக் கடற்கழுகையும் பார்க்கலாம். ஒரு மீட்டருக்கு மேல் அகலமாகக் கூடு கட்டும். வருடா வருடம் அதே கூட்டின் மேல் சுள்ளி போட்டுப் பெரிதாக்கும். பனை மரத்தில் பழைய காக்கைக் கூட்டை எடுத்துக்கொள்ளும் செந்தலை வல்லூறு அரிது. கண்ணில் பட்டால் கொடுத்து வைத்தவர் நீங்கள்.

ஆந்தைகளை விட்டுவிடாதீர்கள். கோபுரப் பொந்திலும் பாழடைந்த அரிசி ஆலையிலும் இருக்கும் கூகை, மரப்பொந்தில் இருக்கும் புள்ளி ஆந்தை எல்லாமே இரைகொல்லிப் பறவைகள்தான். சட்டப் பாதுகாப்பு இவற்றுக்கும் உண்டு.

காலம்: கருடனுக்குக் கார்த்திகை, மார்கழியில் தொடங்கிச் சித்திரை வரை. கடற்கழுகுக்கு ஐப்பசி, கார்த்திகையிலிருந்து பங்குனி வரை. வல்லூறு பங்குனிக்கு மேல் கோடை முழுக்க. கூகைக்கு எலி கிடைத்தால் எந்த மாதமும் சரி.

கூட்டில் ஆள் இருக்கிறதா என்பதற்கு மரம் ஏறத் தேவையில்லை. அடியில் வெள்ளை எச்சம், பச்சை இலையோடு கிள்ளிய சுள்ளி, மீன் செதிள் கிடக்கும். காலையில் ஒரு பறவை இரையோடு உள்ளே போய், வெறும் வாயோடு வெளியே வரும். நூறு மீட்டர் தள்ளி நின்று அரைமணி நேரம் பாருங்கள், போதும். தலைக்கு மேலே சுற்றிக் கத்தத் தொடங்கினால் நீங்கள் கிட்டப் போய்விட்டீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள். பறவை எழுந்து போன அந்தப் பத்து நிமிடத்தில் உச்சி வெயில் முட்டையை வேகவைத்துவிடும். இல்லையென்றால் காக்கை வேலையை முடித்துவிடும். டிரோன் விடுவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

சரணாலயத்துக்குள்ளோ காப்புக்காட்டுக்குள்ளோ கூடு தேடி நீங்களாகப் போகாதீர்கள். அனுமதி இல்லாமல் நுழைந்தால் வழக்கு உங்கள் மேல் வரும். இந்தக் கட்டுரை ஊருக்குள், வயலோரம், வாய்க்கால் கரை, கோயில், தோப்பு ஆகிய இடங்களில் இருக்கும் கூடுகளுக்கு.

2. சாட்சியம் சேர்த்து வையுங்கள், ஊருக்குச் சொல்லாதீர்கள்

ஜிபிஎஸ் கேமரா செயலி ஒன்றைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். படத்தின் கீழேயே தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை வந்துவிடும். மூன்று வகைப் படம் வேண்டும்: மரம் முழுசாக, பக்கத்தில் மதகோ கரண்ட் கம்பமோ அடையாளத்துக்குத் தெரிகிற மாதிரி ஒன்று, கூடு தெரிகிற மாதிரி ஒன்று, கூட்டில் பறவை உட்கார்ந்திருப்பது ஒன்று. வாரம் ஒரு தடவை இதைத் திரும்ப எடுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு இரண்டு வரி எழுதுங்கள். “தை 9, காலை 7.10, ஒன்று படுத்திருக்கிறது, மற்றது கெண்டையோடு வந்தது” என்ற அளவில் போதும். பின்னால் வந்த அதிகாரி என் போட்டோக்களைவிட இந்த நோட்டைத்தான் அதிக நேரம் புரட்டினார்.

மூலப் படம் போனிலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் கோப்பின் தகவல்கள் அழிந்துவிடும். நாளைக்கு வழக்கு என்று வந்தால் மூலக் கோப்பைக் கேட்பார்கள்.

நான் செய்த பெரிய தப்பு இந்த இடத்தில்தான். முதல் வருடம் பெருமையாக ஊர் வாட்ஸ்அப் குழுவில் கூட்டின் படத்தைப் போட்டேன். இரண்டே நாளில் பையன்கள் மரத்தடியில் நின்று கல் எறிந்தார்கள். அதோடு அந்த மீன் குட்டைக்காரருக்கும் கூடு எங்கே என்று துல்லியமாகத் தெரிந்துவிட்டது. குஞ்சு பிடித்து விற்கிறவர்களும் இந்தப் படங்களைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். குறிப்பாக ஆந்தை. தீபாவளிக்கு முன்னால் மாந்திரீகத்துக்கென்று ஆந்தை தேடி வருபவர்கள் உண்டு. குஞ்சு பறந்த பிறகு போடுங்கள், யார் வேண்டாம் என்றது?

3. மரம் யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

எல்லா மனுவும் இந்த ஒரு கேள்வியில்தான் தடுக்கி விழும். தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு (எந்தப் புல எண் யாருடையது, என்ன வகை நிலம் என்று காட்டும் கிராமக் கணக்கு), புலப்படம் எல்லாம் காசில்லாமல் பார்க்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுக்க வேண்டும். புல எண் தெரியாவிட்டால் விஏஓவிடம் கேளுங்கள். எங்கள் விஏஓ ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். பதினோரு நாள் எனக்குத் தோன்றாதது அது.

பட்டா நிலமென்றால் உரிமையாளர் பெயர் வரும். புறம்போக்கு என்றால் எந்தத் துறை என்று பாருங்கள். வாய்க்கால், ஆற்றங்கரை என்றால் நீர்வளத் துறை. சாலையோரம் என்றால் நெடுஞ்சாலைத் துறை அல்லது ஊராட்சி. கோயில் நிலமென்றால் பெரும்பாலும் அறநிலையத் துறை.

“என் மரம், நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன்” என்று புறம்போக்கு மரத்துக்கும் சிலர் சொல்வார்கள். அவர்களிடம் 2-சி பட்டா, அதாவது மரப்பட்டா இருக்கலாம். அது காய், பழம் அனுபவிக்கும் உரிமை. மரத்தை வெட்டிப்போடும் உரிமை இல்லை. எங்கள் இலுப்பையும் அப்படித்தான்.

4. சட்டத்தில் உங்களுக்குத் தேவையானது இவ்வளவுதான்

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972. இரண்டு பிரிவுகளை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிரிவு 2(16): வேட்டை என்பதற்கான விளக்கம். சுடுவதும் பிடிப்பதும் மட்டுமல்ல. காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவது, முட்டைக்கோ கூட்டுக்கோ இடையூறு செய்வது எல்லாமே வேட்டை.

பிரிவு 9: சட்டத்தின் அட்டவணையில் (பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் பட்டியலில்) உள்ள விலங்குகளையும் பறவைகளையும் வேட்டையாடத் தடை. இது காட்டுக்குள் மட்டும் இல்லை. பட்டா நிலத்திலும், கொல்லைப்புறத்திலும், கோயில் கோபுரத்திலும் செல்லும்.

“சார், ஒருத்தர் கூட்டைக் கலைச்சுட்டார்” என்று சொன்னால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. “சார், பிரிவு 2(16)படி இது வேட்டை” என்றால் பேனாவை எடுக்கிறார்கள். இந்த வித்தியாசத்தை நான் கண்ணால் பார்த்தேன்.

தண்டனை பிரிவு 51-ல் இருக்கிறது. 2022-ல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, முதலாம் அட்டவணைப் பறவை என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். மற்றவற்றுக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். எந்தப் பறவை எந்த அட்டவணை என்று நீங்கள் மனுவில் நிறுவ வேண்டியதில்லை. பறவையின் பெயரை எழுதுங்கள், போதும். தப்பான அட்டவணையைப் போட்டு மனுவைப் பலவீனமாக்காதீர்கள். குறைந்தபட்ச சிறைத் தண்டனை உள்ள குற்றத்துக்குப் பணம் கட்டிச் சமரசம் செய்துகொள்ள முடியாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். “ஏதாவது ஃபைன் கட்டிட்டுப் போயிடறேன்” என்பவர்களுக்குச் சொல்லலாம்.

5. மனு கொடுக்கும் முன் ஆளிடம் பேசுங்கள்

நேராகச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனால் கூடு அன்று ராத்திரியே காணாமல் போகும். ஊரில் யாருக்கும் பறவை மேல் பகை கிடையாது. கும்பாபிஷேகத்தன்று கலசத்துக்கு மேலே கருடன் வட்டமிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஊர்தானே நம்முடையது? நாச்சியார்கோயில் கல் கருடனுக்கு வேண்டிக்கொண்டு வந்தவர்தான் துரட்டியையும் எடுத்தார். அவருக்கு மீன் போகிறது, அவ்வளவுதான்.

எனவே நஷ்டம் எங்கே என்று கேளுங்கள். மீன் குட்டையென்றால் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் திறக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் அப்படித்தான் மிதக்கும். கருடன் பெரும்பாலும் அப்படி மேலே வந்ததையும் செத்து மிதப்பதையும்தான் தூக்கும். எங்கள் ஆளின் குட்டையில் குஞ்சு மீன் நெருக்கம் அதிகம். அதைக் குறைத்ததும், விடியலில் மோட்டாரை ஓட்டித் தண்ணீரைச் சுழல விட்டதும் பாதிப் பிரச்சினை போயிற்று. குஞ்சு விட்டிருந்த மூலைக்கு மட்டும் வலை போட்டோம். தங்கூசி வலை (மெல்லிய நைலான் இழை வலை) வேண்டாம். கண்ணுக்குத் தெரியாது, பறவை சிக்கிச் செத்தால் அது இன்னொரு குற்றம். தடித்த கயிற்று வலையை இறுக்கமாகக் கட்டுங்கள். செலவு 1,800 ரூபாய் ஆனது, பாதி நான் கொடுத்தேன். எனக்கு வலித்தது என்றாலும் பதினோரு நாள் அலைந்த பஸ் காசையும் விட்ட கூலியையும் சேர்த்தால் அதைவிடக் குறைவு.

கோழிக்குஞ்சு என்றால் முதல் மூன்று, நான்கு வாரம் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். குஞ்சு தூக்குவது பெரும்பாலும் வல்லூறும் கரும்பருந்தும். பழி மட்டும் கருடனுக்கும் சேர்த்து வரும். தென்னையில் கூடு என்றால் அந்த ஒரு மரத்தில் இரண்டு பறிப்பைத் தள்ளிப்போடச் சொல்லி, காய்க்கு உண்டான காசைக் கொடுத்துவிடுங்கள். மரம் ஏறுபவரிடமும் தனியாகச் சொல்ல வேண்டும். முதலாளி சரி என்றாலும், தலையில் கொத்த வரும் பறவையோடு மல்லுக்கட்டப் போவது அவர்தான்.

கூகைக்கு வாதாடுவது இன்னும் சுலபம். வயலில் எலி பிடிக்கத் தஞ்சாவூர் கிட்டி என்ற மூங்கில் பொறி வைக்கிற, ஆந்தை உட்கார மட்டை நட்டு வைக்கிற விவசாயிக்கு அதன் அருமை தெரியும். பிரச்சினை எலி விஷம். விஷம் தின்ற எலியைக் கூகை தின்றால் குஞ்சோடு போகும். கூடு இருக்கும் பக்கத்து வயலில் மட்டுமாவது விஷத்தை விட்டுவிட்டுக் கிட்டி போடச் சொல்லுங்கள்.

6. கூடு நன்றாக இருக்கும்போதே மனு கொடுங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர். கூடு விழுந்த பிறகு கொடுக்கும் மனுவுக்கு “கூடு இருந்ததற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்பார்கள். கூடு இருக்கும்போதே கொடுத்து, முத்திரை வாங்கி வைத்திருந்தால் கேள்வி மாறிவிடும்: “மனு வந்தும் ஏன் கவனிக்கவில்லை?” இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எந்த அதிகாரியும் விரும்ப மாட்டார்.

யாருக்கு: வனச்சரக அலுவலருக்கு. நகல்: மாவட்ட வன அலுவலர், மரம் இருக்கும் நிலத்துக்குரிய துறை, விஏஓ. கோடியக்கரை சரணாலயத்தை ஒட்டிய ஊரென்றால் வன உயிரினக் காப்பாளருக்கும் ஒரு நகல்.

என்ன எழுதுவது? நான் கொடுத்ததைச் சுருக்கித் தருகிறேன், ஊர் பேர் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்:

“ஐயா, மேற்படி கிராமம் புல எண் ……-இல் உள்ள வாய்க்கால் புறம்போக்கில் நிற்கும் இலுப்பை மரத்தில் செம்பருந்து இணை கூடு கட்டி அடைகாத்து வருகிறது. சென்ற ஆண்டு இதே மரத்தில் இருந்த கூடு வேண்டுமென்றே கலைக்கப்பட்டு முட்டைகள் அழிந்தன. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 2(16), பிரிவு 9 ஆகியவற்றின்படி இது வேட்டைக் குற்றமாகும். குஞ்சுகள் பறக்கும் வரை மேற்படி மரத்தை வெட்டவோ கிளை கழிக்கவோ ஏலம் விடவோ கூடாது என உரிய துறைக்கு அறிவுறுத்தவும், கள ஆய்வு செய்யவும் வேண்டுகிறேன். இணைப்பு: படங்கள் 3, புலப்படம், அ-பதிவேடு நகல்.”

யார் மேலும் சந்தேகம் எழுதாதீர்கள். இந்தக் கட்டத்தில் பெயர் எழுதினால் ஊர்ச் சண்டையாகிவிடும், பறவை காணாமல் போகும்.

நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். “வெச்சுட்டுப் போங்க” என்பார்கள், சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருங்கள். முத்திரை கிடைக்கவே இல்லையென்றால் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள், நூறு ரூபாய்க்குள் முடியும். இரண்டு வாரத்தில் அசைவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுங்கள். கட்டணம் இல்லை, மனு எண் கிடைக்கும். 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணிலும் பதியலாம்.

இன்னொரு குறுக்கு வழி, விவசாயிகள் குறைதீர் கூட்டம். மாதம் ஒருமுறை நடக்கும். நீர்வளத் துறை, வனத்துறை, வருவாய்த் துறை எல்லாரும் ஒரே கூடத்தில் இருப்பார்கள். “அது அவங்க துறை” என்று கை காட்டினால், காட்டப்பட்டவர் மூன்றாவது நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார்.

கிராம சபையையும் பயன்படுத்துங்கள். ஆனால் தேதி பார்த்து. ஜனவரி 26-க்குக் காத்திருந்தால் அதற்குள் முட்டையிட்டிருக்கும். நவம்பர் 1 கூட்டத்திலேயே “கூடுள்ள மரங்களைச் சித்திரை வரை வெட்டுவதில்லை” என்று ஒரு தீர்மானம் போட வையுங்கள். கஜா புயலில் விழுந்தது போக ஊரில் எத்தனை பெரிய மரம் மிச்சம் என்று எண்ணிக் காட்டினால் யாரும் எதிர்க்க மாட்டார்கள். எங்கள் ஊரில் ஏழு.

7. மர ஏலமும் கோயில் திருப்பணியும்

கூட்டை அழிப்பவர் எல்லாரும் துரட்டியோடு வருவதில்லை. சிலர் ஏல ரசீதோடு வருவார்கள்.

அரசு நிலத்து மரங்களை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். ஆட்சியர்தான் தலைவர். சாலை விரிவாக்கம், கரை பலப்படுத்தும் வேலை என்று மரத்தில் சுண்ணாம்பால் எண் போட்டிருப்பதைப் பார்த்தால் அன்றே குழுவின் அனுமதி நகலைக் கேளுங்கள். பனை மரத்தை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-லேயே அரசு அறிவித்துவிட்டது. அனுமதி இருந்தாலும் கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும்போது வெட்டினால் பிரிவு 9 அப்படியேதான் நிற்கும். இதை எழுத்தில் சொன்னால் ஒப்பந்தக்காரர் அந்த ஒரு மரத்தைக் கடைசியாக வைத்துக்கொள்வார். அவருக்குத் தேவை மரம், நமக்குத் தேவை மூன்று மாதம்.

கோபுரத்தில் கூகை என்றால் பாலாலயம் (திருப்பணி தொடங்கும் முன் செய்யும் சடங்கு) நடக்கும் முன்பே செயல் அலுவலரைப் பாருங்கள். சாரம் கட்டியதும் கொத்தனார் செய்யும் முதல் வேலை பொந்தை அடைப்பது. உள்ளே குஞ்சு இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பொரித்த கூகைக் குஞ்சு வெளியேற ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். கோபுரத்தில் அந்த அடுக்கை மட்டும் கடைசியில் பூசச் சொல்லுங்கள்.

8. நடந்துகொண்டிருக்கும்போது பார்த்துவிட்டால்

சண்டைக்குப் போகாதீர்கள். தள்ளி நின்று வீடியோ எடுங்கள். ஆள், கருவி, மரம் மூன்றும் ஒரே ஃப்ரேமில் வரட்டும். வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள் (எண்ணை முன்பே போனில் போட்டு வைத்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் தேடக்கூடாது). எடுக்காவிட்டால் 112. உதவி ஆய்வாளர் நிலையிலிருந்து மேலே உள்ள எந்தப் போலீஸ் அதிகாரிக்கும் இந்தச் சட்டத்தில் சோதனையிடவும் பிடிக்கவும் அதிகாரம் உண்டு. “ஃபாரஸ்ட்காரங்க வரட்டும்” என்று அவர்கள் ஒதுங்க வேண்டியதில்லை.

உடைந்த ஓடு, சுள்ளி, இறகு எதையும் தொடாதீர்கள், வீட்டுக்கு எடுத்துவராதீர்கள். அவர்கள் வந்து மகஜர் (இடத்தில் கண்டதைச் சாட்சிகளோடு எழுதும் பதிவு) போட வேண்டும். முதல் வருடம் நான் அந்த உடைந்த ஓட்டைப் பேப்பரில் பொதிந்து எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தேன். சாட்சியத்தை நானே குலைத்ததாக ஆயிற்று.

குஞ்சு கீழே கிடந்தால்: காலும் அலகும் உங்களைக் கிழிக்கும், எனவே ஒரு துண்டைப் போட்டு மூடித் தூக்குங்கள். காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, அடியில் பருத்தித் துணி, மேலே மூடி. இருட்டில் அமைதியாகிவிடும். தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலில் போய் அதுவே கொன்றுவிடும். பால், சோறு, பொட்டுக்கடலை எதுவும் வேண்டாம். அடிபட்டிருந்தால் வனத்துறையிடம் சொல்லிவிட்டு அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். அடிபடவில்லை என்றால் ஒரு மூங்கில் கூடையில் சுள்ளி பரப்பி அதே மரத்தில் கட்டிக் குஞ்சை வைக்கலாம், பெற்றவை தேடி வந்து ஊட்டும். ஆனால் வனத்துறை ஆட்களை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

“பாவம், நானே வளர்க்கிறேன்” என்று மட்டும் இறங்காதீர்கள். கைக்கு வந்த காட்டுயிரைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் காப்பாற்றிய நீங்களே குற்றவாளி.

9. புகார் கொடுத்த பிறகு

காவல் நிலையத்தில் கொடுத்தால் மனு ரசீது வாங்குங்கள். வனத்துறையில் கொடுத்தால் வழக்குப் பதிவாகியிருக்கிறதா, எண் என்ன என்று ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம்: 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, “என் …… தேதியிட்ட மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் நகல் தருக” என்று ஒரே ஒரு கேள்வி. ஐந்து கேள்வி கேட்டால் நாலுக்குச் சுற்றி வளைப்பார்கள். 30 நாள் கெடு. அதற்கும் பதிலில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் கிடையாது.

கடைசி ஆயுதம் பிரிவு 55. 60 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் நேரடியாக நீதிமன்றத்தில் புகார் செய்யலாம். நான் அந்த அளவுக்குப் போகவில்லை. கருடன் முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்க ஏறத்தாழ எண்பது நாள். அறுபது நாள் அறிவிப்பு அந்தக் கூட்டைக் காப்பாற்றாது. அடுத்த வருடத்துக் கூட்டுக்கு வேண்டுமானால் உதவும். குஞ்சு பிடித்து விற்கும் கும்பல் என்று தெரிந்தால் சென்னையில் உள்ள வனவிலங்கு குற்றத் தடுப்பு அமைப்பின் தென்மண்டல அலுவலகத்துக்கும் எழுதுங்கள்.

10. மொத்தச் செலவு

இரண்டாம் வருடக் கணக்கு: ஜெராக்ஸும் போட்டோ பிரிண்டும் 160, தபால் 140, பஸ் 240, வில்லை 10, வலையில் என் பங்கு 900. ஆக 1,450 ரூபாய். இதோடு ஐந்து அரை நாள். முதல் வருடம் எவ்வளவு செலவழித்தேன் என்று எழுதி வைக்கவில்லை, வயிறு எரியும் என்று.

இந்த வருடக் கணக்கு இனிமேல்தான். நேற்றுக் காலை இலுப்பை மரத்தடியில் புதுச் சுள்ளி நாலைந்து கிடந்தது. குட்டைக்காரர்தான் போன் செய்து சொன்னார், “உங்க ஆளு வந்தாச்சு” என்று. நாளை திங்கட்கிழமை. ஆட்சியர் அலுவலகம் போகிற முதல் பஸ் ஆறே காலுக்கு.